தீயணைப்பும் உயிர்மீட்பும்: எடின்பரோவிலிருந்து லண்டன் வரை (1824–1867)

எடின்பரோவின் பழைய நகரம் குறுகிய சந்துகளும் பல அடுக்கு வீடுகளும் நெருங்கியது. 1824இல் அந்நகரத் தீயணைப்புப் படையின் தலைமையை ஏற்றபோது ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டுக்கு வயது 24. சில வாரங்களிலேயே, நவம்பரில், ஹை தெருவை ஒட்டிய பகுதிகளைப் பெருந்தீ அழித்தது. களத்தில் பலரும் ஒரே வேளையில் ஆணையிட்டமை அன்றைய பெருங்குறை. அதன்பின் ஆணையிடும் உரிமை படைத்தலைவர் ஒருவருக்கே உரியதாயிற்று.

பிரெய்ட்வுட் தேர்ந்தெடுத்தோர் கூரை வேய்வோர், தச்சர், கொத்தர், கொல்லர் முதலிய தொழிலாளர்கள். வயது 17 முதல் 25 வரை. கூரைமேல் நடக்கவும், எந்த உத்திரம் எப்போது சரியும் என அறியவும் பழகியவர்களுக்குக் கட்டடத்தைப் பற்றித் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. தெருக்கள் வெறிச்சோடிய விடியற்காலையில் வாரந்தோறும் பயிற்சி நடைபெற்றது. வெளியே நின்று நீரைப் பீய்ச்சாமல் உள்ளே புகுந்து எரியும் இடத்திலேயே செலுத்த வேண்டும் என்பது அவரது அடிப்படை விதி. புகைக்குள் தரையோடு தவழ்ந்து செல்லவும் வீரர்கள் பழக்கப்பட்டனர். தரையை ஒட்டிய காற்றே மூச்சுவிடத் தக்கது. மேல்மாடியில் சிக்கியோரைக் கயிற்றின் துணையால் இறக்குவதும் இப்பயிற்சியில் அடங்கியது. தீயணைப்பும் உயிர்மீட்பும் இங்கு ஒரே படையின் பணி. 1830இல் வெளிவந்த அவரது நூல் இம்முறைகளை விளக்குகிறது.

லண்டனில் நிலைமை வேறு. 1833இல் காப்பீட்டு நிறுவனங்கள் இணைந்து அமைத்த, 80 பேர் கொண்ட படைக்குப் பிரெய்ட்வுட் தலைவரானார். வீரர்கள் உயிர்களையும் காத்தனர். எனினும் படைக்குச் செலவிட்டோரின் நோக்கம் உடைமைக் காப்பே. மீட்பு ஏணிகளோ நன்கொடையால் இயங்கிய, 1836இல் தோன்றிய வேறொரு சங்கத்திடம் இருந்தன. சக்கரங்கள்மீது நின்ற அவ்வேணிகளின் அடியில் கித்தான் சரிவு ஒன்று தொங்கும். அதன்வழியே மக்கள் சறுக்கி இறங்குவர். இரவில் ஏணிக்குக் காவலாக ஒருவர் தெருவில் நிற்பார். ஒரே தீயை நோக்கி இருவேறு அமைப்புகள் விரைந்தன என்பது விந்தையே.

1861 ஜூன் 22 அன்று டூலி தெருச் சரக்குக் கிடங்குகளில் மூண்ட தீயில் சுவர் இடிந்து பிரெய்ட்வுட் மாண்டார். இழப்பால் தளர்ந்த காப்பீட்டு நிறுவனங்கள் இனித் தீயணைப்புச் செலவை ஏற்க இயலாது என அரசுக்கு அறிவித்தன. அரசை அசைத்தது சரக்கின் இழப்பே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1865ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப் படையின் கடமையாக உடைமையோடு உயிரையும் குறித்தது. 1866இல் அப்படை பணி தொடங்கியது. 1867இல் சங்கத்தின் ஏணிகளும் அதனிடம் வந்து சேர்ந்தன.