பெருந்தொற்றுக் காலத்தில் கனடாவின் சட்டபூர்வக் கஞ்சாவும் சமூக மனநலமும்

கனடாவில் வயதுவந்தோர் கஞ்சா வாங்கிப் பயன்படுத்த 2018 அக்டோபர் 17 முதல் சட்டம் இடம்தருகிறது. நாடு முழுவதற்கும் இவ்வாறு அனுமதி வழங்கியதில் உருகுவேக்கு அடுத்தது கனடா. அதற்கு முன் நீண்ட காலம் தடை இருந்தது. எட்மன்டன் நகர நீதிபதி எமிலி மர்ஃபி போதைப்பொருள்களைச் சாடி எழுதிய நூல் 1922இல் வெளிவந்தது. மறு ஆண்டே, விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் நாடாளுமன்றத்தில் நடக்காமல், கஞ்சா தடைப்பட்டியலில் ஏறியது. ஜெரால்ட் லெ டெய்ன் தலைமையிலான ஆணையம், கஞ்சாவை வெறுமனே வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று 1972இல் பரிந்துரைத்தும் அரசு அசையவில்லை. வலிப்பு நோயாளி ஒருவர் மீது தொடுக்கப்பட்ட பார்க்கர் வழக்கில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் அளித்த தீர்ப்பே பூட்டைத் திறந்தது. அடுத்த ஆண்டு மருத்துவப் பயன்பாட்டுக்கான விதிகள் வந்தன. 2018ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவிடத்தில் 30 கிராம் வரை வைத்திருக்க அனுமதித்தது. குறைந்தபட்ச வயதை உயர்த்திக்கொள்ளும் உரிமையை மாகாணங்களுக்கு விட்டது. சிறாரை விலக்கிவைப்பதும் கள்ளச் சந்தையை ஒழிப்பதும் அதன் நோக்கங்கள். மன அழுத்தத்துக்கு மருந்தாகக் கஞ்சாவை அந்தச் சட்டம் முன்வைக்கவில்லை.

கோவிட்-19 பரவியபோது நடைமுறையில் அந்த வேலைதான் கஞ்சாவின் தலையில் விழுந்தது. 2020 வசந்தத்தில் நேரடி மனநல ஆலோசனைகளும் குழுச் சந்திப்புகளும் பெரும்பாலும் நின்றன; கியூபெக்கின் அரசுக் கஞ்சாக் கடைகளோ திறந்தே இருந்தன. ஒன்டாரியோ, கடைகளை ஏப்ரலில் மூடச் சொல்லிவிட்டுச் சில நாட்களிலேயே வாசலில் பெற்றுக்கொள்ளவும் வீட்டுக்கு அனுப்பவும் அனுமதித்தது. கனடாப் புள்ளியியல் துறையின் 2021 ஜனவரிக் கணக்கெடுப்பில், முன்பே கஞ்சா பயன்படுத்தியவர்களில் 34 விழுக்காட்டினர் அளவு கூடியதாகவும் 12 விழுக்காட்டினர் குறைந்ததாகவும் கூறினர். மது அருந்துவோரில் கூடியதாகச் சொன்னவர்கள் 24 விழுக்காடு, குறைந்ததாகச் சொன்னவர்கள் 22 விழுக்காடு. மதுவில் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய சமன். கஞ்சாவில் தராசு ஒரே பக்கம் சாய்ந்தது. தம் மனநலம் சரியில்லை என்றவர்களிடையே இந்த உயர்வு கூடுதலாக இருந்ததைத் தொற்றின் தொடக்கக் கணக்கெடுப்பே காட்டியிருந்தது. ஆகவே, சமூக மனநலச் சேவை விட்ட வெற்றிடத்தைச் சட்டபூர்வக் கஞ்சா நிரப்பியது என்று கொள்வதே பொருந்தும். கடைகள் பெருகியதாலும், 2019 டிசம்பரில் உண்ணும் வகைகள் விற்பனைக்கு வந்ததாலும் கூடிய அளவு இது என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. ஆனால் மன அழுத்தம், சலிப்பு, தனிமை ஆகிய காரணங்களைச் சொன்னவர்கள் பயனர்களே. எளிதில் கிடைத்தது வழியைத் திறந்தது. அந்த வழியில் தள்ளியது மனச்சுமை. பதற்றம் தணிந்தால் நல்லதுதானே என்ற வாதம் இன்னும் பலவீனமானது. சிறிது நேரத் தணிவு கிடைப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கஞ்சாவின் போதைக்கூறான டிஎச்சி மிகுந்த சரக்கு பதற்றத்தைக் கூட்டவும் செய்யும். அதைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கோளாறுகளின் வாய்ப்பு கூடுதல் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்ததே. தடை நீங்கியதன் நன்மை வேறிடத்தில் இருக்கிறது: வீரியம் அச்சிட்ட பொட்டலத்தை வாங்க ஊரடங்கில் கள்ள வியாபாரியைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

மனநலச் சேவையின் வெற்றிடத்துக்கு விடையாகக் கூட்டாட்சி அரசு 2020 ஏப்ரலில் ‘வெல்னஸ் டுகெதர் கனடா’ என்ற இலவச இணையவழி மனநலச் சேவையைத் தொடங்கியது. 2024இல் அது மூடப்பட்டது. 2018ஆம் ஆண்டுக் கஞ்சாச் சட்டத்தை மறுஆய்வு செய்த நிபுணர் குழுவின் இறுதி அறிக்கை 2024 மார்ச்சில் வெளியானது. அச்சட்டம் மாகாணங்களுக்கு விட்ட உரிமையைப் பயன்படுத்திய கியூபெக்கில் கஞ்சா வாங்கும் குறைந்தபட்ச வயது 2020 ஜனவரி முதல் 21.