முதல் வாசிப்பின் சுவை: தோட்டத்து மக்கள் கதை படித்த வரலாறு

“பழகப் பழகப் பாலும் புளிக்கும்” என்பார்கள். நல்ல நூல் அப்படிப் புளிப்பதில்லை. ஆனாலும் முதல் முறை படித்தபோது இருந்த அந்தத் துடிப்பு, இரண்டாம் முறை படிக்கும்போது இருப்பதில்லை. “பொன்னியின் செல்வன் கதையை அப்படியே மறந்துட்டு, மறுபடியும் முதல்லேர்ந்து படிக்கணும்” என்று நம் பெரியவர்கள் பெருமூச்சு விடுவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். இந்த ஆசை எங்கிருந்து வந்தது? நம் தோட்டப்புறத்து மக்களுக்கு அது எப்படி ஏற்பட்டது? இதற்கு ஒரு வரலாறு உண்டு.

அந்தக் காலத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோர்களில் எழுத்தறிந்தவர் குறைவு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல இடங்களில் அந்தப் பள்ளி ஒரே ஆசிரியருடன், ஒரு கொட்டகையில் நடந்தது. அங்கே நாலெழுத்துப் படித்தவர்தான் மாலையில் லயத்து வாசலில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கதை படிப்பார். சுற்றிலும் உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள்.

அப்போது அவர்கள் படித்தவை பெரும்பாலும் “பெரிய எழுத்து” நூல்கள். விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, தேசிங்கு ராசன் கதை போன்றவை. மங்கலான வெளிச்சத்திலும் படிக்கும்படி எழுத்துகள் பெரியவை. இந்தக் கதைகளின் முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடுவாள் என்று தெரிந்தேதான் பெண்கள் வந்து உட்காருவார்கள், தெரிந்தேதான் அழுவார்கள். இராமாயணமும் பாரதமும் அப்படியே. தெரிந்த கதையை மறுபடியும் கேட்பதில்தான் சுவை இருந்தது. “முதல் முறை” என்பதற்குத் தனி மதிப்பு அப்போது இல்லை.

அந்த மதிப்பைக் கொண்டுவந்தது நாவல். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் “பிரதாப முதலியார் சரித்திரம்” 1879இல் வெளிவந்தது. மலாயா மண்ணின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் க. வெங்கடரத்தினத்தின் “கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி” 1917இல் வந்தது. பிறகு 1924இல் தமிழ் நேசனும், 1935இல் தமிழ் முரசும் தொடங்கின. செய்தித்தாள் தோட்டத்துக்குள் நுழைந்ததும் கதையும் அதனோடு நுழைந்தது. யாரும் முன்பு கேட்டிராத புதுக் கதை! முடிவு யாருக்கும் தெரியாது. “அப்புறம் என்னாச்சு?” என்ற கேள்வி அன்றுதான் பிறந்தது என்றால் மிகையாகாது.

அந்தக் கேள்வியை உச்சிக்கு ஏற்றியவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. 1941இல் சதாசிவத்தோடு சேர்ந்து “கல்கி” வார இதழைத் தொடங்கியவர். “பார்த்திபன் கனவு”, “சிவகாமியின் சபதம்” ஆகியவற்றுக்குப் பின், 1950 அக்டோபரில் “பொன்னியின் செல்வன்” தொடரை ஆரம்பித்தார். ஓவியர் மணியம் படம் வரைந்தார். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதிலிருந்து தொடங்கும் கதை, 5 பாகங்கள், 293 அத்தியாயங்கள் என விரிந்து 1954 மே மாதம்தான் முடிந்தது. மூன்றரை ஆண்டுகள்! ஏழாவது மாதமே, 1954 டிசம்பர் 5இல், கல்கி மறைந்தார்.

அந்த மூன்றரை ஆண்டுகள் நம் தோட்டங்களுக்கு எப்படிப்பட்டவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1948 முதல் 1960 வரை நாட்டில் அவசரகாலம். பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த வீடுகளை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு; வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு போகவும் கட்டுப்பாடு. பொழுது சாய்ந்தால் வெளியே போக முடியாது. தமிழ்நாட்டு இதழ்கள் கப்பலேறி வந்து சேரப் பல நாளாகும். வந்த ஒரே இதழ் கைமாறிக் கைமாறி நைந்து போகும். தொடர் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைக்கும் வழக்கமும் தமிழர்களிடையே இருந்தது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, உடம்பு களைத்து வந்தவர்களுக்கு அந்தச் சில பக்கங்கள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! முள்வேலிக்கு உள்ளே இருந்தபடியே காவிரிக் கரையில் நடந்து வர முடிந்ததல்லவா?

முதல் வாசிப்பின் சுவை முடிவு தெரியாததில் மட்டும் இல்லை. காத்திருப்பதிலும் இருந்தது, சேர்ந்து காத்திருப்பதிலும் இருந்தது. கதை நின்ற இடத்தை வைத்துக்கொண்டு அடுத்த இதழ் வரும்வரை வாதாடலாம். “அவன் சாக மாட்டான், பாரேன்!” என்று பந்தயம் கட்டலாம். தொடர் முடிந்தபோதும் வாசகர்கள் விடவில்லை. இன்னாருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கடிதம் எழுதினார்கள். கல்கியே முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கிற நமக்கு அந்த முதல் வாசகர்களின் இன்பம் முழுதாகக் கிடைக்காது.

அப்படியானால் மறுபடியும் படிப்பது வீணா? இல்லை. முதல் முறை கதையைப் படிக்கிறோம்; இரண்டாம் முறை அதன் பின்னால் உள்ள வரலாற்றைப் படிக்கிறோம். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடியில், இராசராச சோழனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, கொன்ற துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. கல்வெட்டு மௌனமான இடத்தில்தான் கல்கி பேசினார். அவர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நம் மாணவர்கள் இனிமேல்தான் படிக்கப் போகிறார்கள்!

அந்தக் கதையில் இளவரசனாக வருபவர்தான் பின்னாளில் இராசராச சோழன். அவர் மகன் இராசேந்திரன் 1025இல் கடல் கடந்து கடாரத்தின் மேல் படையெடுத்தான். கடாரம் என்பது நம் கெடாதான். இராசேந்திரனைப் பற்றி அகிலன் எழுதிய “வேங்கையின் மைந்தன்” 1963இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. அதே அகிலன் மலேசியாவுக்கு வந்து போன பிறகு எழுதியது “பால்மரக் காட்டினிலே”. அரசர்களைப் பற்றி எழுதிய கை, பால் வாளி தூக்கிய நம்மவர்களைப் பற்றியும் எழுதியது. அந்த நூலில் தங்கள் வாழ்க்கையையே பார்த்த தோட்டத்து வாசகர்களுக்கு அதுவும் மறக்க முடியாத முதல் வாசிப்புதான்.

இன்று பெடாஸ் வட்டாரத்தில் பால்மரக்காடுகள் பெருமளவு செம்பனைக்காடுகளாகி விட்டன. லயத்து வாசலில் சேர்ந்து கதை கேட்ட குடும்பங்கள் பலவும் தாமான்களுக்குப் போய்விட்டன. 95 ஆண்டு நெருங்கிய தமிழ் நேசனும் 2019இல் நின்றுவிட்டது. “பொன்னியின் செல்வன்” 2022இலும் 2023இலும் இரண்டு பாகத் திரைப்படமாக வந்தது. அதனால் புத்தகத்தைத் தொடும் முன்பே முடிவைப் பார்த்துவிட்ட பிள்ளைகளும் உண்டு. படம் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் ஒரு நூலுக்கு முதல் வாசிப்பு ஒருவருக்கு ஒரு தடவைதான். கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்லியோ, முடிவை முந்திக்கொண்டு சொல்லியோ அதை நாம் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

பெற்றோர்களே, பரிசு நாளில் உங்கள் பிள்ளை ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு வரும். அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தினம் இரவு ஓர் அத்தியாயம் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் நிறுத்தி, “மீதி நாளைக்கு” என்று சொல்லுங்கள். நீங்கள் முன்பே படித்த நூலாக இருந்தால், முடிவை மட்டும் வாய் திறந்து சொல்லிவிடாதீர்கள். பிள்ளையின் கண் விரிவதைப் பாருங்கள். நமக்குத் திரும்பி வராது என்று நினைத்த அந்த முதல் வாசிப்பின் சுவை, பிள்ளையின் முகத்தில் நமக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். நாங்கள் மறந்துவிட்டுப் படிக்க ஏங்கும் நூல்கள் எல்லாம் உங்களுக்கு இன்னும் புதியவையாகவே காத்திருக்கின்றன. எடுத்துப் படியுங்கள்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!