மச்சான் கயிறும் மாற்று மூச்சும்



எங்கள் ராஜபாளையத்தில் கடல் கிடையாது. கிணற்றில் நீச்சல் பழகி, யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்று பந்தயம் கட்டியதோடு சரி. ஆனால் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் வெண்சங்கிடம் பேசுவது போலவே பத்துப் பாட்டு பாடியிருக்கிறாள். அந்தச் சங்கைக் கடலடியிலிருந்து எடுத்து வந்தவன் எப்படி மூச்சு விட்டான்? அதுதான் இந்தக் கட்டுரை.

தூத்துக்குடிப் பக்கம் குளியாளிகள் ஒரு கல்லின் கனத்தில் சரசரவென்று இறங்குவார்கள். கீழே இருப்பது சுமார் ஒரு நிமிடம்தான். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்தால் உடனே தூக்க வேண்டும். மச்சான்தான் கயிறு பிடிப்பான், தங்கை தாலி அவன் கையில் என்று சொல்வார்கள். மாற்றுக் காற்று இல்லாத காலத்தில் அந்தக் கயிறுதான் மாற்று ஏற்பாடு! சுறாவைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'யும் அப்போது இருந்தார். மார்க்கோ போலோகூட இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தூத்துக்குடியின் கடைசி முத்துச்சலாபம் 1961-ல் முடிந்தது.

இதற்கிடையில் 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் 'அக்வாலங்' கருவியை உருவாக்கினார்கள். ஆரம்ப கால சிலிண்டர்களில் அழுத்தமானி இல்லை. காற்று குறைந்தால் மூச்சிழுக்கக் கஷ்டமாகும், உடனே ரிசர்வ் வால்வின் கம்பியை இழுத்தால் மீதிக் காற்று வரும். நம் பைக்கில் பெட்ரோல் ரிசர்வ் மாதிரி! ஆனால் கம்பி எதிலாவது தட்டி முன்பே திறந்திருந்தால்? ரிசர்வும் தெரியாமலே தீர்ந்திருக்கும்.

பிறகு அழுத்தமானி வந்தது. கூட்டாளிக்குக் கொடுக்க இரண்டாவது வாய்க்கருவியும் வந்தது. அதை 'ஆக்டோபஸ்' என்பார்கள். ஆனால் அதுவும் அதே சிலிண்டரில்தான் மாட்டியிருக்கும். சிலிண்டர் காலி என்றால் இரண்டும் காலி. தனி வால்வு, தனி வாய்க்கருவியோடு வரும் சின்ன சிலிண்டர்தான் உண்மையான மாற்று.

அதிலும் கவனம் வேண்டும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 3 மடங்கு. மேலே 6 நிமிடம் வரும் காற்று அங்கே 2 நிமிடம்தான். தூய ஆக்சிஜன் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள்! சுமார் 6 மீட்டருக்குக் கீழே அது வலிப்பை உண்டாக்கலாம். அதனால் சிலிண்டரில் என்ன வாயு என்று எழுதி ஒட்ட வேண்டும். இறங்கும் முன் அழுத்தத்தைப் பார்த்து, அதில் ஒருமுறை மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது, நுரையீரல் கிழிந்துவிடும். கிணற்றுப் பந்தயப் பழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து!

பின்னாளில் சங்கு குளிப்பவர்கள் படகில் கம்ப்ரசர் வைத்து குழாய் வழியாகக் காற்று வாங்கத் தொடங்கினார்கள். கூடுதல் நேரம், கூடுதல் சங்கு. ஆனால் எஞ்சின் நின்றாலோ குழாய் அறுந்தாலோ? இடுப்பில் ஒரு சின்ன சிலிண்டர் இல்லையென்றால், மூச்சுக்கு அந்த ஒரு குழாயைத் தவிர வேறு வழியே இல்லை. எஞ்சின் புகை கம்ப்ரசருக்குள் போனால் அந்தக் காற்றே விஷம்.

மச்சான் கயிறு சொன்ன பாடம் ஒன்றுதான். மாற்று ஏற்பாடு, முதல் ஏற்பாட்டை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்த முறை கோயிலில் சங்கொலி கேட்டால், கயிறு பிடித்தவனையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் சந்திப்போம்!