வடசென்னைக் கால்பந்து

வடசென்னைக் கால்பந்து என்பது வியாசர்பாடி, பெரம்பூர் வட்டாரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் வேரூன்றி வளர்ந்த விளையாட்டு மரபு. வியாசர்பாடிக்குக் ‘குட்டி பிரேசில்’ என்ற பட்டப்பெயரே உண்டு. பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் கால்பந்துதான் முதல் விளையாட்டு. தமிழ்நாட்டில் அந்த இடம் கிரிக்கெட்டுக்கு உரியது. என்றாலும், எத்தனை குடும்பங்களின் பிழைப்போடும் பெருமையோடும் ஓர் ஆட்டம் கலந்திருக்கிறதோ, அதைப் பொறுத்தே அது ஒரு வட்டாரத்தின் அடையாளமாகிறது.

இதற்கு முதல் சான்று ரயில்வே. பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள் முன்பே இருந்தன, 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். தொடங்கப்பட்டது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை ஆகியவற்றின் அணிகள் சென்னை லீக்கில் ஆடின. நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வீடுகளுக்குள் வந்தது. செலவும் குறைவு: ஒரு பந்தும், கோல் கம்பத்துக்குப் பதில் நாலு கல்லும் இருந்தால் போதும், ஷூ இல்லாத பிள்ளையும் ஆடலாம். பெரிய போட்டிகள் வரை போனவர்களும் உண்டு. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் பெங்களூருவில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் இருந்தார். சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர், 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் வீழ்த்திய ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார்.

வேலைக்காக ஆடுவதை அடையாளம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேலை கிடைப்பது ஒரு சிலருக்குத்தான். கிடைக்காதவர்களும் ஆட்டத்தை விடாமல் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி தருகிறார்கள். கோப்பைகள் வந்தால் அடையாளம் தானே வரும் என்பது இன்னொரு வாதம். 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியா தங்கம் வென்றது. அந்த வெற்றிகள் கால்பந்தை நாட்டின் முதல் விளையாட்டாக்கவில்லை. சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீக்கை வென்றபோது அதன் சொந்த மைதானம் கோவையில் இருந்தது. அந்த வெற்றியைச் சென்னைத் தெருக்கள் தங்களுடையதாகக் கொண்டாட வழியில்லை. கோப்பையைவிட, பிள்ளைகள் தினமும் ஆடும் மைதானமே ஆட்டத்தை ஊருக்குச் சொந்தமாக்குகிறது.

பெரம்பூரிலிருந்து ரயில் தடம் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் வழியாக ஆவடிக்குப் போகிறது. அங்கும் தொழிற்சாலைகள் உண்டு, தொழிலாளர் குடும்பங்கள் உண்டு. வீட்டுமனைகளாக மாறிவரும் அந்தப் புறநகர்களிலும் ஆட்டம் வேரூன்ற, எஞ்சிய திடல்களை உள்ளாட்சி அமைப்புகள் பிள்ளைகளுக்கென்று இப்போதே ஒதுக்க வேண்டும்.