சாயத் தொட்டியும் ஒளித்திரையும்

கல்முனை நகரின் வடபால் அமைந்தது மருதமுனை. பல தலைமுறைகளாகக் கைத்தறியை வாழ்வாகக் கொண்ட முஸ்லிம் நெசவாளரின் ஊர் அது. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை அக்கரையைச் சிதைத்தது. எனினும், மருதமுனைச் சாரத்துக்கும் சேலைக்கும் உள்ள பெயரை அது கொண்டுபோகவில்லை. அங்கே துணி வாங்குவோர் கேட்கும் கேள்விகள் இரண்டு: “சாயம் போகுமா?” “இதே நிறத்தில் இன்னொன்று கிடைக்குமா?” எளிய கேள்விகள்தாம், ஆயினும், ஒன்றரை நூற்றாண்டு இரசாயன வரலாறு முழுவதும் இவற்றுள் அடங்கியிருக்கிறது என்றால் நேயர்கள் வியப்படைய வேண்டியதில்லை.

நம் இலங்கையின் வடபகுதியில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், சாயவேர் என்னும் செடி தானாகவே வளர்ந்தது. அதன் வேர் சிவப்புச் சாயம் தருவது. ஒல்லாந்தர் ஆட்சியிலே அவ்வேரின் வாணிபம் கும்பனியாரின் தனியுரிமையாக இருந்தது. வேரின் செம்மைக்குக் காரணமான பொருள்களுள் முதன்மையானது அலிசரின். 1868ஆம் ஆண்டு கிரேபே, லீபர்மன் என்னும் இரு யேர்மானிய விஞ்ஞானிகள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அந்திரசீனைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். ஆனால் அவர்கள் கையாண்ட வழிக்குப் புரோமீன் தேவைப்பட்டது. அதன் விலையோ மிக அதிகம். குடுவையில் வெற்றி; தொழிற்சாலையில் தோல்வி! மறு ஆண்டே கந்தக அமிலத்தால் அதனை ஆக்கும் மலிவான வழி கண்டறியப்பட்டது. இலண்டனில் பேர்க்கின் அதே வழிக்கு உரிமை கோரி விண்ணப்பித்தபோது, யேர்மானியர் ஒரு நாள் முந்திக்கொண்டிருந்தனர். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் மஞ்சிட்டிச் செடி வயல்கள் பயனற்றுப் போயின. நமது சாயவேருக்கும் சந்தை இல்லாதொழிந்தது.

நீலத்தின் கதை இன்னும் நெடியது. அவுரிச் செடி தரும் நீலத்தை 1880இல் பேயர் என்னும் பேரறிஞர் ஆய்வுகூடத்தில் ஆக்கினார். அது கடைக்கு வந்ததோ 1897இல்! இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் ‘அதிகமாகவும் மலிவாகவும் எப்படி ஆக்குவது?’ என்ற ஒரே வினாவில் கழிந்தன. நத்தலீனை ஒட்சியேற்றும் படியில் ஒரு வெப்பமானி உடைந்து பாதரசம் கலந்ததாம். வேலை திடீரென விரைவு பெற்றதாம். அத்தற்செயல் நிகழ்ச்சியே ஊக்கியைக் காட்டித் தந்தது என்பர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இந்தியாவின் அவுரி வயல்களிற் பெரும்பகுதி மறைந்தது.

இனி, நாம் கையில் ஏந்தும் தொலைபேசித் திரைக்கு வருவோம். சாயமும் ஒரு சேதனப் பொருள். திரையில் ஒளியை ஆள்வதும் ஒரு சேதனப் பொருளே. சாயம் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி நிறம் காட்டுகிறது. திரையிலுள்ள பொருளோ மின்னழுத்தத்திற்கு ஏற்பத் திரும்பி, ஒளிக்கு வழிவிடவும் மறுக்கவும் வல்லது. திரவம் போல ஓடியும் பளிங்கு போல ஒழுங்குடன் நின்றும் விளங்கும் இத்திரவப் பளிங்கை 1888இல் ரைனிட்சர் என்னும் ஒசுத்திரியத் தாவரவியலாளர் கண்டார். அது 145 பாகை வெப்பத்துக்கு மேலேதான் அந்நிலையை அடைந்தது. அத்தகைய சூட்டில் இயங்கும் கடிகாரத்தை எவர் கையிற் கட்டுவார்? அறை வெப்பத்தில் இயங்கும் பொருள்கள் பின்னர் கிடைத்தன. அவற்றுட் சில ஈரம் பட்டதும் சிதைந்தன. 1972இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரே குழுவினர் சயனோபைபீனைல் என்னும் உறுதியான இனத்தை ஆக்கினர். ஒன்று மட்டும் போதவில்லை. தக்க அளவிற் பலவற்றைக் கலந்தபோது, உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை முதல் ஏறக்குறைய அறுபது பாகை வரை இயங்கும் கலவை பிறந்தது. “சாயம் போகுமா?” என்ற கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

சாயத் தொட்டியின் உறவு இதனோடு முடியவில்லை. செயற்கை இழைத் துணிக்குச் சிவப்பேற்றும் ‘டிஸ்பேர்ஸ் ரெட் ஒன்று’ என்னும் சாயத்தையே 1980களில் அமெரிக்க ஆய்வாளர் பிளாத்திக்கில் கரைத்து, மின்புலத்தால் அதன் மூலக்கூறுகளை ஒரு திசைப்படுத்தி, ஒளியை மின்சாரத்தால் ஆளும் மென்படலமாக்கினர். துணிக்கு வந்த நிறம் செய்திக்கு வழியாயிற்று.

ஆனால் இத்தகைய பொருளைப் பெருமளவில் ஆக்குவது எளிதன்று. பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைப் பத்து மடங்காக்கினால் உள்ளடக்கம் ஆயிரம் மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்போ நூறு மடங்கே ஆகும். குடுவையில் அமைதியாக நடந்த தாக்கம் கொப்பரையிற் பொங்கி வெடிக்கலாம். பத்துப் படிகளில் ஆகும் ஒரு பொருளுக்கு ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எண்பது பங்கு தேறினாலும், முடிவில் எஞ்சுவது ஏறக்குறைய பதினொரு பங்குதான். துணியில் மாசு சிறிது தங்கினால் நிறம் சற்று மங்கும். திரையில் அயன் மாசு தங்கினாலோ மின்சாரம் கசிந்து படமே குலையும்.

1977இல் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில், சேர் சி. வி. இராமனின் சகோதரி மகனான பேராசிரியர் சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் பளிங்காகும் என்று கண்டறிந்தார். உலகம் அதுவரை அறியாத உண்மை அது! 1990களில் அவ்வினத்தைச் சேர்ந்த வேறொரு பொருளைக் கொண்டு, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் திரை மங்காதிருக்கும் படலத்தைப் பெருமளவில் ஆக்கி விற்றது யப்பானிய நிறுவனமான பூஜி. கண்டது நம் அயல்நாடு. ஆக்கி விற்றது தூரநாடு. சாயவேரையும் அவுரியையும் விளைவித்தவர்கள் இழந்ததும் இப்படித்தான். காண்பவரினும், மலிவாகவும் தூய்மையாகவும் பெருமளவிலும் ஆக்குபவரையே சந்தை சென்றடைகிறது.

இன்று சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகிறது. அங்கே இரசாயனம் கற்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, தன் கண்ணாடிக் குடுவையில் ஒரு புதுப் பொருள் மின்னக் கண்டால் மகிழட்டும். மகிழ்ந்த பின், தன் ஊர்ச் சந்தையில் கேட்ட அந்த இரண்டு கேள்விகளையும் தன்னிடமே கேட்டுப் பார்க்கட்டும்: இது நிலைக்குமா? இதே போல் இன்னொன்று, இன்னும் ஓராயிரம், ஆக்க முடியுமா?