மன்னிப்பும் ஒரு கற்குவியலும்

மலருக்குக் கட்டுரை கேட்டால் எல்லோரும் ஹாஸ்டல் கதைதான் எழுதுவோம். நானும் விடுதிப் பள்ளிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இது கனடா நாட்டுக் கதை, சிரிப்பு வராது. "சிவில் படிச்சவனுக்கு எதுக்குப்பா சரித்திரம்?" என்று கேட்காமல் ஒரு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

19-ஆம் நூற்றாண்டிலிருந்து 1990-களின் பிற்பகுதி வரை, அந்நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் 1,50,000 பேர் விடுதிப் பள்ளிகளில் வளர்க்கப்பட்டார்கள். பலரைப் பெற்றோரிடமிருந்து பிரித்தே கொண்டுபோனார்கள். பணம் அரசாங்கத்துடையது. பெரும்பாலான பள்ளிகளை நடத்தியவை கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், யுனைடெட், பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைகள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பலருக்கு அடி உதை, பாலியல் கொடுமை. 4,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. அங்கே படித்தவர்கள் நம்மைப் போல 'பழைய மாணவர்கள்' என்று சொல்லிக்கொள்வதில்லை. 'உயிர் பிழைத்தவர்கள்' என்றே சொல்கிறார்கள்.

1985-ல் யுனைடெட் சபையின் உறுப்பினரான ஆல்பர்டா பில்லி என்ற பூர்வகுடிப் பெண்மணி, சபை தம் மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நேருக்கு நேர் சொன்னார். அடுத்த ஆண்டே சட்பரி நகரில் கூடிய பொதுப்பேரவை மன்னிப்புக் கேட்டது. ஐரோப்பிய நாகரிகத்தையும் நற்செய்தியையும் குழப்பிக்கொண்டு உங்கள் மரபைத் தாழ்த்திவிட்டோம் என்பது அதன் சாரம். நினைவாக அங்கே ஒரு கற்குவியல் எழுப்பப்பட்டது.

1988-ல் பூர்வகுடிச் சபையார் பதில் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டதைக் கவனத்தில் கொண்டோம் என்றார்கள். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. சொன்னபடி நடக்கிறார்களா பார்ப்போம் என்பதே பொருள். கற்குவியலும் முடிக்கப்படாமலே விடப்பட்டது.

நம்ம தொழிலில் இது புரியாத விஷயம் இல்லை. வேலை முடிந்தது என்று காண்ட்ராக்டர் சொன்னால் போதுமா? கட்டடத்தை வாங்கிக்கொள்பவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மன்னிப்பும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு கற்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1993-ல் ஆங்கிலிக்கன் சபை, 1994-ல் பிரெஸ்பிட்டேரியன் சபை மன்னிப்புக் கேட்டன. 1986-ல் பள்ளிகளைப் பற்றி வாய் திறக்காத யுனைடெட் சபை, 1998-ல் அவற்றுக்காகவே மறுபடி கேட்டது. 2008-ல் பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் கேட்டார். மர்ரே சின்க்ளேர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 6,000-க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டு, 2015-ல் 94 பரிந்துரைகளைத் தந்தது. போப்பாண்டவர் பிரான்சிஸ் 2022-ல் கனடாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்.

காணிக்கை செலுத்துமுன் மனத்தாங்கல் கொண்ட சகோதரனிடம் போய்ச் சமாதானமாகு என்பது இயேசுவின் போதனை. சட்பரியில் கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும் ஒரே சபையினர் என்பதை மறந்துவிடக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பூர்வகுடிக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டுப் போய்விடவில்லை. உள்ளேயே இருந்துகொண்டு, கணக்கு இன்னும் முடியவில்லை என்று சொன்னார்கள். விசுவாசம் என்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

தம்பி, தங்கைகளே! நாளைக்கு நீங்களும் அணை கட்டுவீர்கள், சாலை போடுவீர்கள், பள்ளிகூட நடத்துவீர்கள். 'அவர்கள் நன்மைக்குத்தானே' என்று உங்கள் வாயில் வரும்போது, அந்த 'அவர்களை' ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.