ஒருசந்தியும் ஓரியூரும்

தவக்காலம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, தட்ட முடியாத அன்புக் கட்டளையாகவே அதை ஏற்றுக்கொண்டேன். சாம்பல் பூசுவது, சிலுவைப்பாதை செய்வது, குருத்தோலை பிடிப்பது எதையும் நம் பங்கு மக்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நெடுநாளாக என் மனத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சொல்லையும் ஒரு தேதியையும் மட்டும் இங்கே வைக்கிறேன். சொல், ஒருசந்தி. தேதி, 1693 பிப்ரவரி 4.

சந்தி என்பது பொழுதும் பொழுதும் கூடும் வேளை. நாளில் ஒரு வேளை மட்டும் உண்டு நோன்பிருப்பது ஒருசந்தி. நம் முன்னோர் இந்தச் சொல்லைப் புதிதாகச் செய்யவில்லை. அயல் வீட்டார் தங்கள் விரதத்துக்குச் சொன்னதையே தாங்களும் சொன்னார்கள். புலால் விலக்கிய உணவைச் சுத்தபோசனம் என்றார்கள். சாம்பல் புதனை விபூதிப் புதன் என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சீர்திருத்த சபைச் சகோதரர்கள் லெந்து என்று ஐரோப்பியச் சொல்லைத் தமிழாக்கிக்கொண்டார்கள். நமக்கு வாய்த்ததோ தவம், நீறு, சந்தி என்று இந்த மண்ணிலேயே முளைத்த சொற்கள். இது நமக்குப் பெருமை. மண்ணின் சொல்லை எடுத்தவர்கள் மண்ணின் தவத்தையும் சேர்த்தே எடுத்தார்கள் என்பது அதைவிடப் பெருமை.

நாற்பது என்ற எண்ணைப் பற்றி விரித்துச் சொல்லப் புகுந்தால் மலர் போதாது. சீனாய் மலையில் மோசே (விடுதலைப் பயணம் 34:28), ஓரேபை நோக்கி நடந்த எலியா (1 அரசர் 19:8), நினிவேக்குத் தவணை சொன்ன யோனா (யோனா 3:4), பாலைநிலத்தில் நம் ஆண்டவர் (மத்தேயு 4:2). 325இல் கூடிய நீசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியிலேயே நாற்பது நாள் காலம் குறிக்கப்பட்டுவிட்டது. ஞாயிறுகளைக் கழித்து எண்ணினால் சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை சரியாக நாற்பது வரும்.

எசாயா நூலின் 58ஆம் அதிகாரத்தில் சற்று நிற்க வேண்டும். சாம்பல் புதனை அடுத்து வரும் வெள்ளியும் சனியும் திருப்பலியில் வாசிக்கப்படுவது அது. புதன்கிழமை நிரம்பி வழிந்த கோவிலில் சனிக்கிழமை இருப்பவர்கள் சிலர்தான் என்பதால் அந்த வாசகம் நம்மில் பலர் காதில் விழாமலே போய்விடுகிறது. நாங்கள் நோன்பிருந்தும் நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் உங்கள் வேலையாளைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்று பதில் வருகிறது. நாணல்போலத் தலையைத் தாழ்த்திச் சாக்குத் துணியையும் சாம்பலையும் பரப்பிக்கொள்வதா நான் விரும்பும் நோன்பு என்று கேட்கிறார். நெற்றியில் சாம்பல் வாங்கிய மூன்றாம் நாளே திருச்சபை இதை நம் முன் வாசிக்கிறது! பசித்தவனோடு உணவைப் பகிர்வது, வீடற்றவனை இல்லத்துக்குள் அழைப்பது, ஆடையில்லாதவனைக் கண்டால் உடுத்துவது, இவைதான் தமக்கு உகந்த நோன்பு என்கிறார் ஆண்டவர்.

ஐந்தாம் நூற்றாண்டுத் திருத்தந்தையான பெரிய லியோ என் விருப்பத்துக்குரிய ஆசான். நோன்பு குறித்த அவருடைய மறையுரைகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நோன்பிருப்பவன் விட்டுவைத்த உணவு ஏழையின் பசியாற்ற வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து. அந்த ஒரு வேளைச் சோறு அடுப்படியிலேயே தங்கிவிட்டால் மிச்சமானது காசுதான், தவமில்லை.

லியோவின் பெயரையே கேட்டறியாத எங்கள் அப்பாயி இதைச் செய்துகொண்டிருந்தார். தவக்காலத்தில் உலை வைக்கும்போது அரிசியை உழக்கால் அளந்து முறத்தில் கொட்டுவார். களைவதற்கு முன் தலைக்கு ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருந்த மண் கலயத்தில் போடுவார். ஒவ்வொரு பிடிக்கும் பெயர் உண்டு. "இது பெரியவனுது, இது சின்னவனுது, இது செத்துப்போன உங்க தாத்தாவுது." வண்டு விழாமலிருக்க மேலே வேப்பிலை. ஒரு வெள்ளிக்கிழமை நான் கடையில் முறுக்கு வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அப்பாயி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் என் பெயரைச் சொல்லி இரண்டு பிடி அள்ளினார். பெரிய வியாழன் மாலை கலயம் கோவிலுக்குப் போகும். வெள்ளியன்று அங்கே காய்ச்சும் கஞ்சியில் எங்கள் வீட்டு அரிசியும் வேகும். சாரிபாத்துக் கைம்பெண்ணின் பானையில் மிஞ்சியிருந்ததும் ஒரு கையளவு மாவுதானே (1 அரசர் 17:12)?

இனி அந்தத் தேதி.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவப் போதகர் ராபர்ட் தெ நோபிலி புலாலைத் துறந்து, ஒரு வேளைச் சோறும் காய்கறியும் பாலுமாக வாழ்ந்தார். அவர் வழியில் வந்த மதுரை மறைப்பணித் துறவிகளுக்கு ஆண்டு முழுவதுமே தவக்காலம்தான். அவர்களில் ஒருவர் லிஸ்பன் நகரத்து உயர்குடியில் 1647இல் பிறந்து, போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசரின் தோழராக வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ. இங்கே அவர் பண்டாரசுவாமியாகக் காவி உடுத்தி மறவர் நாட்டில் கால்நடையாகத் திரிந்த அருளானந்தர். அந்த நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத் தேவர் திருமுழுக்குப் பெறுவதற்காக ஒரு மனைவி தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டு மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். மன்னரின் சினத்துக்கு ஆளாகி 1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார். பிறகு ஓரியூருக்குக் கொண்டுபோகப்பட்டு, பிப்ரவரி 4 அன்று பாம்பாற்றங்கரையில் தலை வெட்டப்பட்டு மாண்டார்.

அன்று என்ன கிழமை என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22. நாட்காட்டி விதிப்படி அதற்கு முன்னால் அந்தப் பெருவிழா வரவே முடியாது. அங்கிருந்து நாற்பத்தாறு நாள் பின்னோக்கி எண்ணினேன். பிப்ரவரி 4, புதன்கிழமை. சாம்பல் புதன்! எண்ணி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்து விளக்கேற்றிச் செபித்த பிறகுதான் மறுபடி உட்கார முடிந்தது. சாம்பல் புதன் அதே பிப்ரவரி 4இல் 1761இலும் 1818இலும் வந்தது. இனி 2285இல்தான் வரும்.

முந்தின நாள் செவ்வாய், பிப்ரவரி 3, சிறையிலிருந்து அவர் விடைபெறும் கடிதங்கள் எழுதினார். பிறந்த ஊரான லிஸ்பனில் அன்று மாமிசத்துக்கு விடைகொடுக்கும் விருந்து நாள். அந்த விருந்தை அவர் விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் நெற்றியில் இட நீறில்லை. ஓரியூரின் மணல் அவர் குருதியை வாங்கிக்கொண்டது. இன்றும் அந்தச் செம்மணலை ஒரு சிட்டிகை எடுத்து மக்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். 1947இல் அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். உரோமைக்கு அவர் மறைசாட்சி. தமிழ்நாட்டுத் தவக்காலத்துக்கோ அவரே வாசற்படி என்பேன்.

   

மறுபடி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கட்டாய ஒருசந்தியைச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியுமாக இரண்டு நாளாக்கினார். சட்டம் குறைந்தது அன்பு கூடுவதற்காக என்பதை நாம் மறந்துவிட்டோம். நோன்புக் கடமை பதினெட்டு வயதில் தொடங்குகிறது, ஐம்பத்தொன்பது வரை இருக்கிறது. என் வயதுக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது, ஆனாலும் நான் விடவில்லை. இளைஞர்களே, உங்கள் உடலில் வலு இருக்கிறது. இந்த ஆண்டு ஒரு வெள்ளியாவது இருந்து பாருங்கள். தாய்மார்களே, உலைக்கு அளக்கும்போது ஒரு பிடி திருப்பி வையுங்கள். அருளானந்தர் சுரூபத்தின் அடியில் ஒரு பெரிய பானை வைக்கப் பங்குத்தந்தை இசைந்திருக்கிறார். பிள்ளைகளையும் கூட்டி வந்து, அவரவர் பெயரைச் சொல்லி அரிசியைப் போடச் சொல்லுங்கள். வேப்பிலையை நான் பறித்து வருகிறேன்.